மாரியில் வீட்டுக் கொட்டிலுக்குள் பன்னிரண்டடித் தோணி கட்டும் முறை

மட்டக்களப்பில் தோணி வேலைக்கு நல்ல காலம் எது என்று கேட்டால், வெயில் காலம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் வெயில் காலத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களில் கலக்கிய எபொக்சிப் பசை கோப்பைக்குள்ளேயே கொதித்து இறுகிவிடும். வீட்டில் கட்டுபவர்களுக்குக் கையில் நேரம் கிடைப்பதும் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி, தையில்தான். வாவி பெருகி, வயலிலும் கடலிலும் வேலை குறைந்திருக்கும் அந்த மூன்று மாதங்களில், ஒரு தகரக் கொட்டிலுக்குள் இரண்டு பேர் போய்வரக்கூடிய பிளைவூட் தோணி ஒன்றை நன்றாகவே கட்டி முடிக்கலாம். ஒரே நிபந்தனை, ஈரத்தை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் எழுதப்படும் கையேடுகள் குளிரைப் பற்றியே எச்சரிக்கும். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண எபொக்சி இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால் அவர்கள் கொட்டிலைச் சூடாக்குவார்கள். இங்கே மார்கழி இரவிலும் வெப்பம் 22 பாகைக்குக் கீழே போவது அரிது. எபொக்சிக்கு அது போதிய சூடுதான். நம் வேலையைக் கெடுப்பது காற்றிலும் பலகையிலும் நிலத்திலும் இருக்கிற ஈரம். நாமும் கொட்டிலைச் சூடாக்கப் போகிறோம், ஆனால் ஈரத்தை விரட்டுவதற்காக.

அளவும் பொருளும்

இங்கே சொல்லும் தோணி தட்டையான அடி கொண்டது. வாவியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. சேற்றிலும் தாமரைக்குள்ளும் கம்பு ஊன்றிப் போக இந்த அடிதான் உதவும். மேல் விளிம்பின் நீளம் 370 சென்ரிமீற்றர். நடுவில் அடி அகலம் 80, மேல் அகலம் 105. பின்பலகையின் அடி 65, மேல் 85. பக்கப் பலகையின் உயரம் 40. கட்டி முடித்தால் 45 முதல் 50 கிலோ வரை வரும்; இரண்டு பேர் தூக்கலாம். இது வாவிக்கும் குளத்துக்கும் உரிய தோணி. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

8 அடிக்கு 4 அடி, 6 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் மூன்று தாள் போதும். பிஎஸ் 1088 என்ற தர முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஒரு மணி நேரம் கொதிநீரில் போட்டு, காயவிட்டு, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தாலோ விளிம்பில் கத்தி நுனி எளிதாக நுழைந்தாலோ அது அலமாரிப் பலகை. வெட்டிய விளிம்பையும் உற்றுப் பாருங்கள். நடு அடுக்கில் ஓட்டைகள் தெரிந்தால் வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் முறியும்.

மேல் விளிம்புச் சட்டத்துக்கு 40க்கு 20 மில்லிமீற்றர், 4 மீற்றர் நீளச் சட்டம் நான்கு வேண்டும். சமண்டலை கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வளையும், முறியாது, உப்பு நீரைத் தாங்கும். மெட்ராஸ் கரையின் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து போன ‘திருகோணமலை மரம்’ இதுதான். கிடைக்காவிட்டால் நேரான நார் உள்ள மகோகனியோ பலாவோ பார்க்கலாம். முதிரையும் பாலையும் வேண்டாம். உறுதியில் குறை இல்லை, ஆனால் இந்தச் சிறிய தோணிக்கு அவற்றின் கனம் அதிகம், இந்த வளைவுக்கு இணங்கவும் மாட்டா. இருக்கைப் பலகைக்கு மலைவேம்பு நல்லது, இலேசானது. மரத்தை மட்டும் வாங்கி வண்டியில் ஏற்றுவதானால் வன இலாகாவின் போக்குவரத்து அனுமதி அந்த மரத்துக்குத் தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எபொக்சி ரெசினும் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹாட்னரும் சேர்த்து 8 கிலோ. சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணி, 1 மீற்றர் அகலத்தில் 4 மீற்றர். 75 மில்லிமீற்றர் அகலக் கண்ணாடி நாடா 20 மீற்றர். பலகைகளை விளிம்போடு விளிம்பு கம்பியால் தைத்து, பிறகு மூலைகளை ரெசினால் ஒட்டுவதுதான் இந்த முறை. தைப்பதற்கு வீட்டு மின்கம்பியே போதும்: 1/1.13 என்று விற்கிற ஒற்றை இழைக் கம்பி 10 மீற்றர் வாங்கி உறையை உரித்தால் மெல்லிய செம்புக் கம்பி கிடைக்கும்.

ரெசின் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். நம் கரையோரக் கடைகளில் எளிதில் கிடைப்பது ஃபைபர் போட்டுக்கான பொலியெஸ்ரர் ரெசின். விலையும் குறைவு. அச்சுக்குள் முழுவதும் ஃபைபரால் வார்க்கும் படகுக்கு அது சரியான பொருள். மரத்தோடு அதன் பிடிப்பு பலவீனம். ஈர மரத்தில் இறுகவும் தயங்கும். ஓரிரண்டு மாரிக்குள் துணி தோலாக உரிந்து வரும், அதற்குள் புகுந்த நீர் பலகையை உள்ளிருந்து அழுக வைக்கும். காசு போதாவிட்டால் தோணியின் அளவைக் குறையுங்கள், எபொக்சியை விடாதீர்கள். துணியிலும் இதே கவனம் வேண்டும். ஃபைபர் போட்டுக்குப் போடுகிற நறுக்கிய இழைப் பாயின் பசைத் தூள் பொலியெஸ்ரரில் உள்ள ஸ்ரைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபொக்சியில் அது கரையாது, பாய் வளைவுகளில் படியாமல் விறைத்து நிற்கும்.

கொட்டிலை உலர்த்துதல்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கடந்துபோகாதீர்கள். மாரியில் கட்டிய தோணிகளில் வருகிற குறைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

மழை விட்ட மாலையில் கொட்டிலுக்குள் 25 பாகை வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருப்பது வழமை. அந்தக் காற்று 23 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். விடியற்காலையில் தகரமும் பலகையும் அந்த 23 பாகைக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் பலகையில் இருக்கும்போது அதன்மேல் ரெசின் பூசினால் பிடிப்பு எங்கே வரும்? பலகையின் மேற்பரப்பு, நீர் படியும் வெப்பத்தை விடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய மீற்றர் ஒன்று அவசியம். அதைச் சுவரில் மாட்டாமல் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அதே காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 90இலிருந்து ஏறத்தாழ 67 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐந்து பாகைதான் தேவை. முழுக் கொட்டிலையும் சூடாக்க வேண்டியதில்லை. தோணி வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மூங்கில் சட்டம் கட்டி, தறப்பாளால் 4.5 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரத்தில் ஒரு கூடாரம் செய்யுங்கள். தறப்பாளுக்கும் தகரக் கூரைக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி விட்டால் தகரத்தில் படியும் நீர் உள்ளே சொட்டாது. நிலத்தில் பொலித்தீன் விரிப்பதை மறக்க வேண்டாம். சீமெந்துத் தரையானாலும் மண் தரையானாலும் மாரியில் நிலம் இடைவிடாமல் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கும். அதை மூடாமல் குமிழ் எரிப்பது மின்சாரத்தை வீணாக்குவதுதான்.

சூட்டுக்கு 100 வொட் பழைய வகைக் குமிழ் நான்கு வேண்டும். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது, அதில் வெப்பம் வராது. கோழிக்குஞ்சுக் கூட்டுக்குப் போடும் வெப்பக் குமிழ் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. தறப்பாளிலிருந்தும் பலகையிலிருந்தும் ஓரடிக்குக் குறையாத தூரத்தில், கம்பிக் கூட்டுக்குள் தொங்கவிடுங்கள். நான்கு குமிழ் 12 மணி நேரம் எரிந்தால் 4.8 யூனிற். மண்ணெண்ணெய் அடுப்போ காஸ் அடுப்போ கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. எரியும்போது அவை நீராவியையும் காபனீரொக்சைட்டையும் வெளிவிடும். இறுகாத எபொக்சியின் முகத்தைக் கெடுப்பவை சரியாக அந்த இரண்டும்தான். கரிச்சட்டி உயிருக்கே ஆபத்து.

பலகையை வாங்கி வந்த அன்றே வேலை தொடங்காதீர்கள். கூடாரத்துக்குள் ஒவ்வொரு தாளுக்கும் இடையில் சலாகை வைத்துக் கிடையாக அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துபோகும். ஈரம் அறிய ஒரு எளிய வழி உண்டு. வெட்டிய துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அவணில் 100 பாகையில் எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து, மறுபடி நிறுங்கள். 112 கிராம் 100 ஆனால் ஈரம் 12 சதவீதம். அந்த அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம். 90 சதவீத ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் மரம் 20 சதவீதம் வரை ஏறிவிடும், அதை ஒட்டக் கூடாது.

அட்டையில் ஒன்று, பிறகு பலகையில்

பிஸ்கட் பெட்டி அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் தோணியை முதலில் செய்து பாருங்கள். 37 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு பக்கங்கள், ஒரு நடுச்சட்டம், ஒரு பின்பலகை. அணியப் பக்கம், அதாவது முன்முனையில், மேல் விளிம்பை விட அடி விளிம்பு 2.2 சென்ரிமீற்றர் குறைவாகச் சாய்த்து வெட்டுங்கள். பின்பக்கம் அரை சென்ரிமீற்றர் சாய்வு. ஒட்டிப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். பக்கப் பலகை நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தும், வெளிநோக்கிச் சரிந்து வளையும்போது அணியத்தில் அடி தானாக மேலே எழும். பெரிய தோணியில் அது ஏறக்குறைய ஐந்து அங்குலம் வரும். மாதிரியில் அணியச் சாய்வு பிடிக்காவிட்டால் அட்டையை வெட்டித் திருத்துங்கள். பிடித்த அளவைப் பத்தால் பெருக்கிப் பலகைக்குக் கொண்டுபோங்கள்.

பக்கங்களுக்கு இரண்டு தாள்களை நீளவாக்கில் சேர்க்க வேண்டும். பின்னால் துண்டு வைத்து முட்டு மூட்டாகச் சேர்த்தால் அந்த இடம் வளையாமல் தட்டையாக நிற்கும், பக்கத்தின் கோடு கெட்டுவிடும். எனவே பக்கங்களுக்குச் சாய்வு மூட்டுத்தான் சரி. தடிப்புக்கு எட்டு மடங்கு, அதாவது 6 மில்லிமீற்றர் பலகைக்கு 48 மில்லிமீற்றர் சாய்வு. இரண்டு தாளையும் 48 மில்லிமீற்றர் பின்தள்ளிப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கூரிய சீவுளியால் இரண்டையும் ஒரே சாய்வில் சீவுங்கள். பிளைவூட்டின் அடுக்குகளே அளவுகோல்: அடுக்குக் கோடுகள் நேராகவும் சம அகலத்திலும் தெரிந்தால் சாய்வு சரி. கோடு நெளிந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. சாய்வு முகத்தில் முதலில் வெறும் ரெசின் பூசிப் பதினைந்து நிமிடம் குடிக்க விடுங்கள். பிறகு மரத்தூள் கலந்த ரெசினைப் பூசி, மேலும் கீழும் பொலித்தீன் வைத்து, பலகையால் அழுத்திப் பாரம் ஏற்றுங்கள். அளவுக்கு மீறி நெருக்கினால் பசை முழுவதும் வழிந்து மூட்டு வறண்டுவிடும். வழுக்கி நகராமல் இரண்டு சிறிய ஆணி அடித்து வையுங்கள்.

இந்தச் சேர்த்த தாளிலிருந்து இரண்டு பக்கமும் வரும். மிஞ்சும் ஒரு மீற்றர்த் துண்டு, மூன்றாவது தாளோடு முட்டு மூட்டில் சேர்ந்து அடியாகும். அடியில் வளைவு குறைவு என்பதால் 15 சென்ரிமீற்றர் அகலப் பின்துண்டு வைத்து ஒட்டினால் போதும். பின்பலகைக்கு மிச்சத் துண்டுகளில் இரண்டு அடுக்கு ஒட்டி 12 மில்லிமீற்றர் ஆக்குங்கள். பக்கங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து ஒன்றாகவே சீவுங்கள். மூட்டு பின்பலகையிலிருந்து 125 சென்ரிமீற்றர் அளவில் வரட்டும். அணியப் பக்கம் வந்தால் கடும் வளைவில் மூட்டு மாட்டிக்கொள்ளும்.

தைத்தல்

விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 2 மில்லிமீற்றர் துளை. அணியத்தருகே 7 சென்ரிமீற்றருக்கு ஒன்று. கம்பியை 12 சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, முறுக்கு வெளிப்பக்கம் வரும்படி கையால் தளர்வாகக் கட்டுங்கள். குறடு எடுப்பது எல்லாம் கூடிய பிறகு.

முதலில் அணியத்தில் இரண்டு பக்கங்களையும் தைத்து விரியுங்கள். பின்பலகையிலிருந்து 175 சென்ரிமீற்றரில் நடுச்சட்டத்தை நிறுத்துங்கள். பின்முனைகள் விரிந்து நிற்கும். இரண்டையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் தடி செருகி முறுக்கி இழுத்தால் மெதுவாகக் கூடிவரும், அப்போது பின்பலகையைத் தையுங்கள். பலகை முறுமுறுத்தால் நிறுத்திவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை அணியப் பக்க வளைவில் வெளியே ஒரு மணி நேரம் போட்டுப் பிறகு இழுங்கள். அப்படி நனைத்த நாளில் ரெசின் வேலை வேண்டாம், இரண்டு நாள் கூடாரத்துக்குள் காயட்டும்.

கோணல் பார்ப்பதில் இரக்கம் காட்டக் கூடாது. அணிய நுனியிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் அளந்தால் வேறுபாடு 5 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். நடுச்சட்டத்தின் மேல் ஒரு நேர்க்கம்பும் பின்பலகையின் மேல் ஒரு நேர்க்கம்பும் வைத்து, அணியத்தில் குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு கம்பும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தெரியாவிட்டால் தோணி முறுகி நிற்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, ஒரு மூலைக்குக் கீழ் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். முறுகலோடு ஒட்டிய தோணி கடைசி வரை ஒரு பக்கமாகவே ஓடும்.

பிறகு கவிழ்த்து, அடித்தாளை மேலே வைத்து, பக்கங்களின் வெளிவிளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, 5 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டு வெட்டித் தையுங்கள். அளவு நாடாவால் அடியைத் தனியே அளந்து வெட்டுவதை விட இது எப்போதும் சரியாக வரும்.

ரெசின் வேலை

நேரம் பார்த்துத் தொடங்குங்கள். வெயில் காலத்தில் மாலையில் பூசச் சொல்வார்கள், ஏனென்றால் சூடு ஏறும் நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினில் குமிழியாக வெளிவரும். மாரியில் மாலை என்றால் ஈரம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. காலையிலிருந்து குமிழ்களை எரித்துப் பலகையை 32 பாகை வரை ஏற்றுங்கள். பிற்பகல் இரண்டு மணியளவில் இரண்டு குமிழை அணைத்துவிட்டுப் பூசுங்கள். வேலை முடிந்து ரெசின் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் நான்கையும் போட்டு இரவு முழுக்க எரியவிடுங்கள்.

கலவை விகிதம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. ரின்னில் எழுதியிருப்பது கனவளவா எடையா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஹாட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பொலியெஸ்ரர்ப் பழக்கம். எபொக்சியில் கூடினாலும் குறைந்தாலும் அது கடைசி வரை மெத்தென்றே நிற்கும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். இரண்டு நிமிடம் கிண்டி, பக்கத்தையும் அடியையும் வழித்து, வேறு கோப்பைக்கு மாற்றி மறுபடி கிண்டுங்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள், கோப்பையில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே புகையும்.

உள்மூலைகளில், கம்பிகளுக்கு இடையில் மட்டும், மரத்தூள் கலந்த பசையை முதலில் வையுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாத பதம். மறுநாள் இறுகியதும் கம்பிகளை இழுத்தெடுங்கள். வராத கம்பியை சோல்டரிங் அயனால் சூடாக்கினால் இளகி வரும். பிறகு முழு நீளத்துக்கும் 20 மில்லிமீற்றர் ஆரத்தில் பசை நிரப்பி, வட்டமாக வெட்டிய பிளாஸ்ரிக் மூடியால் வழித்து, அது பச்சையாக இருக்கும்போதே நாடாவை மேலே படிய வைத்து ரெசின் ஊட்டுங்கள். காய விட்டு மறுநாள் நாடா போட்டால் அரத்தாள் தேய்க்க வேண்டிவரும், மூலைக்குள் அது மிகக் கடினம்.

காலையில் தொட்டுப் பார்க்கும்போது இறுகிய ரெசினின் மேல் மெழுகு பூசியதுபோல வழுக்கினால், அது ஹாட்னரில் உள்ள அமீன் என்ற இரசாயனம் காற்றின் ஈரத்தோடும் காபனீரொக்சைட்டோடும் சேர்ந்து உண்டான படலம். மாரியில் இது எப்போதும் வரும் என்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூச்சுக்கு முன்பும் கழுவுங்கள். சுத்தமான தண்ணீரும் பச்சைத் தேய்ப்புப் பஞ்சும் போதும். தின்னரில் அது கரையாது. கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகுதான் அரத்தாள். முதலில் அரத்தாள் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் இறங்கி அடுத்த பூச்சை உரிக்கும். பால்போல வெளுத்த திட்டு தெரிந்தால் அங்கே நீர் சொட்டியிருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

தோணியைக் கவிழ்த்து வெளிமூலைகளை 6 மில்லிமீற்றர் வட்டத்துக்குச் சீவுங்கள், கூர் விளிம்பில் துணி படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அடி முழுவதும் துணி விரித்து, இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் ஏறட்டும். துணி கண்ணாடிபோலத் தெளிந்தால் ரெசின் போதும், வெள்ளை தெரிந்தால் போதாது. முதல் பூச்சு ஒட்டுகிற நிலையிலேயே அடுத்ததைப் பூசினால் இடையில் கழுவும் வேலை இல்லை. மூன்று பூச்சு. உள்ளும் மூன்று. பிளைவூட்டின் வெட்டு விளிம்புகளுக்கு இன்னும் இரண்டு, நீர் புகுவது அங்கேதான்.

கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது அதைத் தோலுக்குள் அனுப்புவதாகும், சவர்க்காரமே சரி. தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும்.

சட்டம், மிதவை, பெயின்ற்

விளிம்புச் சட்டங்களை உள்ளும் வெளியும் ஒட்டி, 316 வகைத் துருப்பிடிக்காத திருகாணியால் 20 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இறுக்குங்கள். பித்தளைத் திருகாணி வாவியின் உப்பில் சில வருடத்தில் பொடியாகும். இருக்கைகளுக்குக் கீழே காற்றுப்புகாமல் மூடிய பிளாஸ்ரிக் கான்களை நாடாவால் கட்டி வையுங்கள். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும், 5 லீற்றர்க் கான் பன்னிரண்டு வைத்தால் கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மிதக்கலாம். வாவியில் முதலை உண்டு. தண்ணீரில் கிடந்து காத்திருக்கும் நேரம் குறையவேண்டும், ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எபொக்சியை வெயில் தின்றுவிடும். எனவே பெயின்ற் இல்லாமல் இறக்க வேண்டாம். புது எபொக்சியின் மேல் நேரடியாக எண்ணெய் எனாமல் பூசினால் சிலவேளை வாரக்கணக்கில் காயாது. கடைசிப் பூச்சுக்கு இரண்டு வாரம் கழித்து, கழுவி, 120 இலக்க அரத்தாளில் மங்கலாக்கி, எபொக்சி பிரைமர் ஒன்று, பிறகு பெயின்ற் இரண்டு. நிறம் வெளிறியதாகவே இருக்கட்டும். வீட்டுச் சூட்டில் இறுகிய எபொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். கறுப்பு, கடும் நீலம் பூசிய தோணி ஆனி மாதக் கச்சான் வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

முதல் நாள் ஆழமில்லாத துறையில் இறக்கிக் கட்டிவைத்து, உள்ளே உலர்ந்த துணியால் மூலைகளைத் தொட்டு ஒரு மணி நேரம் கவனியுங்கள். கசிவு தெரிந்தால் பென்சிலால் அடையாளம் போட்டு, கரையேற்றி, ஒரு வாரம் காயவைத்துத்தான் ரெசின் பூச வேண்டும். வேலை இல்லாத நாட்களில் இரண்டு கட்டைகளின் மேல் கவிழ்த்து, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, கிடுகு நிழலில் வையுங்கள். தறப்பாளால் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டு இருக்கைப் பலகை பூஞ்சணம் பிடிக்கும்.